ஏற்றத்தின் கணக்கு

தென்பிரான்ஸின் புரோவான்ஸ் பகுதியில், திராட்சைத் தோட்டங்கள் படர்ந்த தாழ்நிலத்திலிருந்து தன்னந்தனியாக எழும்பி நிற்கிறது மோன் வோந்தூ. உயரம் சுமார் 1,910 மீட்டர். உச்சிவரை தார்ச்சாலை உண்டு, அதுவும் மூன்று வழிகளில். தெற்கே பெதுவான், வடமேற்கே மலோசென், கிழக்கே சோ ஆகிய ஊர்களிலிருந்து அவை புறப்படுகின்றன. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்களையே நாக்குத் தள்ள வைக்கும் மலை இது. ஆனால் கோடைக்காலக் காலை நேரத்தில் அங்கே போய் நின்றால், பந்தயத்தை எட்டியும் பார்க்காத, அறுபது வயதைக் கடந்தவர்கள்கூட நிதானமாக மிதித்து ஏறுவதைப் பார்க்கலாம்.

பெதுவானிலிருந்து உச்சி 21 கிலோமீட்டர் சொச்சம். சோவிலிருந்து சுமார் 26. தூரத்தை மட்டும் பார்ப்பவர் முதல் பாதையில் போய் மாட்டிக்கொள்வார். பெதுவான் கடல் மட்டத்துக்கு 300 மீட்டர் மேலே இருக்கிறது, ஆகவே ஏறவேண்டியது 1,600 மீட்டர். சோ ஊரே 760 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கிருந்து 1,150 மீட்டர் ஏறினால் போதும். இந்த உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் சரிவு விகிதம். பெதுவான் சாலைக்கு ஏழரை சதவீதம், அதாவது நூறு மீட்டர் போனால் ஏழரை மீட்டர் ஏற்றம். சோ சாலைக்கு நாலரைதான்.

சராசரியையும் அப்படியே நம்பிவிட முடியாது. பெதுவானிலிருந்து முதல் ஐந்தாறு கிலோமீட்டர் திராட்சை, செர்ரித் தோட்டங்களுக்கு நடுவே சாதுவாகப் போகும். “இவ்வளவுதானா” என்று தோன்றுகிற நேரத்தில் சேன்-எஸ்தேவ் என்ற இடத்தில் சாலை சட்டென்று இடதுபக்கம் வளைந்து காட்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து ஷாலே ரேனார் விடுதிவரை பத்து கிலோமீட்டருக்கு ஒன்பது, பத்து சதவீதம். மூச்சு வாங்க ஒரு சமதளத் துண்டுகூடக் கிடையாது. காடு முடிந்ததும் நிழலே இல்லாத வெள்ளைச் சுண்ணாம்புக்கல் சரிவு. 1967 ஜூலை 13 அன்று, சுட்டெரிக்கும் வெயிலில், உச்சிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கையில்தான் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்ஸன் சரிந்து விழுந்து இறந்தார். நினைவுக்கல் சாலையோரத்திலேயே இருக்கிறது. ஏறுகிறவர்கள் தண்ணீர் பாட்டிலையோ தொப்பியையோ அதன் படியில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இனி உடம்பின் கணக்கு. எழுபது கிலோ ஆள், பத்து கிலோ சைக்கிள் என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில், காற்றில்லாத நாளில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு அறுபது, எழுபது வாட் சக்தி போதும். அதில் பாதிக்குமேல் காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. எட்டு சதவீத ஏற்றத்தில் கதை மாறிவிடும். அங்கே எதிரி காற்றல்ல, எடை. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 220 வாட் வேண்டும். தேகப்பயிற்சி அதிகம் இல்லாத, ஆரோக்கியமான ஒருவரால் ஒரு மணி நேரம் விடாமல் தரமுடிவது ஏறக்குறைய 100 முதல் 150 வாட். அப்படியானால் அவர் ஏறவே முடியாதா? முடியும், வேகத்தைக் குறைத்தால். மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் அதே ஏற்றம் 140 வாட்டில் முடிந்துவிடுகிறது.

ஆனால் மெதுவாகப் போவதற்கும் சைக்கிள் இடம்கொடுக்க வேண்டுமே. பழைய பந்தய சைக்கிள்களில் முன்னால் 39 பல், பின்னால் 25 பல் என்பது மலைக்கான கியர். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி மூன்றேகால் மீட்டருக்கு மேல் நகரும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும், 220 வாட்டைக் கொடுத்தே தீரவேண்டும். சுற்றைக் குறைத்தால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் இழுத்துப் பிடிக்கும். இன்றைய வாடகை சைக்கிள்களில் முன்னால் 34, பின்னால் 34 பல் சாதாரணமாகக் கிடைக்கிறது. ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர்; அறுபது சுற்றுக்கு மேற்சொன்ன ஏழரைக் கிலோமீட்டர். சாமானியனுக்கு மலையைத் திறந்துவிட்டது இந்தப் பின்பல்தான். சைக்கிளின் எடையில் ஒரு கிலோ குறைக்க ஆயிரக்கணக்கில் பணம் கொட்டுபவர்கள், ஒரு பெரிய பல்சக்கரம் மாட்டுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

இந்தக் கௌரவப் பிரச்சினை பழையது. சேன்-எத்தியென் நகரத்தில் ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதிவந்த போல் து விவி, கியர் மாற்றும் கருவிக்காகப் பத்திரிகை நடத்தி, தானே செய்துபார்த்து, பக்கத்து மலைகளில் ஏறிக் காட்டினார். டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ் மசியவில்லை. கியர் என்பது வலுவில்லாதவர்களுக்கு என்பது அவர் கட்சி. அந்தப் பந்தயத்தில் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பல்சக்கரத்தில் செயினைப் பூட்டி ஏறினார்கள். செயினைப் பல்லுக்குப் பல் தாண்டவைக்கும் டீரெய்லருக்கு 1937-இல்தான் அனுமதி கிடைத்தது. வெலோசியோ 1930-இலேயே காலமாகிவிட்டார்.

கால்களின் பலம் ஆளுக்கு ஆள் வேறாக உள்ள ஒரு குடும்பம் வோந்தூ வட்டாரத்திலேயே தங்கி, அவரவருக்கு ஏற்ற சாலையில் போகலாம். கார்பந்த்ராஸ் பக்கம் பழைய ரயில் தடத்தைப் பெயர்த்து அமைத்த வியா வெனெஸியா பாதை இருக்கிறது. ரயிலால் செங்குத்தாக ஏறமுடியாது என்பதால், அது போன தடத்தில் குழந்தையும் போகும். காரும் வராது. அடுத்த படி நெஸ்க் ஆற்றுப் பள்ளத்தாக்கு. வில்-சுர்-ஓசோன் கிராமத்திலிருந்து சோ ஊரை நோக்கி, செங்குத்துப் பாறையின் விளிம்பை ஒட்டி, சின்னச் சின்னச் சுரங்கங்கள் வழியாகச் சாலை போகிறது. சரிவு இரண்டு மூன்று சதவீதம்தான் இருக்கும். ஏறுகிறோம் என்பதே உறைக்காமல் 700 மீட்டர் உயரத்துக்கு வந்துசேர்ந்து, ஆழத்தில் ஆற்றைப் பார்க்கலாம். வோந்தூவைவிட இதுதான் அழகான சாலை என்பேன். அதற்கும் மேலே போக ஆசைப்பட்டால் சோ வழி, லாவண்டர் வயல்களைத் தாண்டி. பெதுவான் கடைசியில்தான்.

மலையே வேண்டாம் என்பவர்களுக்கு லுவார் ஆற்றங்கரை. நெவேர் அருகிலிருந்து அட்லாண்டிக் கடல்வரை ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்கு வழிகாட்டிப் பலகைகளோடு பாதை போகிறது. ஆற்றோடு இறங்குவதுதான் சுலபம் என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் மொத்த இறக்கமே சுமார் 170 மீட்டர்தான். அது காலுக்குத் தெரியாது. தெரிவது காற்று. அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து, கடலிலிருந்து வீசுகிறது. ஆகவே கடலில் தொடங்கி ஆற்றுக்கு எதிராகப் போகிறவருக்கே முதுகில் தள்ளுகை கிடைக்கிறது.

சாலையை முன்கூட்டியே படித்துவிட முடியும் என்பது பிரான்ஸின் சௌகரியம். மிஷ்லின் வரைபடத்தில் சாலைக் கோட்டின்மேல் சின்ன அம்புத்தலைகள் இருக்கும். முனை காட்டும் திசை ஏற்றம். ஒரு தலை என்றால் ஐந்து முதல் ஒன்பது சதவீதம், இரண்டு என்றால் பதின்மூன்றுவரை, மூன்று என்றால் அதற்கும் மேல். ஓரத்தில் பச்சைக் கோடு ஓடினால் இயற்கைக் காட்சி நன்றாக இருக்கும். மஞ்சளும் வெள்ளையுமான சிறு சாலைகளில் போக்குவரத்து குறைவு. பேர்பெற்ற மலைச்சாலைகளில் கிலோமீட்டருக்கு ஒரு கல்: உச்சிக்கு எவ்வளவு தூரம், இப்போது எந்த உயரம், அடுத்த கிலோமீட்டரின் சராசரிச் சரிவு என்ன என்று எழுதியிருக்கும். அடுத்தது பத்து என்று கண்டால் அங்கேயே கியரை இறக்கிவிடுங்கள். செயின் இறுகிய பிறகு மாற்றினால் கரகரவென்று சத்தம் போட்டு நழுவும்.

பேட்டரி சைக்கிளுக்கும் இதே கணக்குதான். ஐரோப்பியச் சட்டப்படி மோட்டார் தொடர்ந்து தரக்கூடியது 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம்வரை மட்டும். உங்கள் நூறோடு அது சேர்ந்தால் பெதுவான் சாலைகூட வசப்படும். மோட்டாரே இழுக்கட்டும் என்று விட்டுவிட்டால் 500 வாட்-மணி பேட்டரி உச்சிக்கு முன்பே காலியாகலாம். பாதியாவது நாம் மிதிக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு இரண்டொரு விஷயம். கிராமத்துக் கடைகள் மதியம் இரண்டு மணி நேரம் மூடிவிடும், தண்ணீரும் ரொட்டியும் அதற்குள் வாங்கிவிட வேண்டும். அங்கே வாடகை சைக்கிளில் முன்பிரேக் பெரும்பாலும் இடதுகைப் பிடியில் இருக்கும். இறங்கத் தொடங்கும் முன் சமதளத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. வோந்தூ உச்சியில் மிஸ்த்ரால் என்ற வடகாற்று ஆளைச் சைக்கிளோடு தள்ளிவிடும். சோ சாலையும் பெதுவான் சாலையும் சேரும் ஷாலே ரேனாரில், 1,400 மீட்டருக்கு மேல், காபி கிடைக்கிறது. காற்று பலமாக இருந்தால் அதைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம், உச்சிக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர்தான் என்று யார் சொன்னாலும்.