வெள்ளை எழுத்து ரோஸ் ஆவது ஏன்?

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் குளிர்காலம் கிடையாது. ஆனாலும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலைக்குக் கிளம்புபவர்களுக்கு ஹூடிதான் காற்றுக்குத் துணை. அதன் முதுகில் சின்னமோ எழுத்தோ பதிப்பது, டி-சட்டையில் பதிப்பதைவிடக் கடினமான வேலை.

ஹூடியின் ஃபிளீஸ் துணியில் உள்ள நுண்ணிழைகள் மையைத் துளைத்து எழும்பினால் எழுத்து சொரசொரவென்று ஆகிவிடும். அதனால் முதலில் ஸ்கிரீன் வலை வழியாக ஓர் அடுக்கு மையை இழுத்து, சூடு காட்டி லேசாக இறுகவைத்து, இழைகள் படிந்த பிறகே இரண்டாம் அடுக்கு.

உண்மையான சோதனை அடுப்பில்தான். வழக்கமான பிளாஸ்டிசால் மை முழுதாக இறுக, சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பாலியஸ்டர் கலந்த சிவப்புத் துணியில் அந்தச் சூடு பட்டால், சாயம் ஆவியாகி மைக்குள் ஏறும். பளிச்சென்று இருந்த வெள்ளை எழுத்து ரோஸ் ஆகிவிடும். சில சமயம், பெட்டியில் அடுக்கிய பிறகுதான் அது கண்ணில் படும்! சுமார் 130 டிகிரியிலேயே இறுகும் மையும், சாயத்தைத் தடுக்கும் சாம்பல் நிற அடிப்பூச்சும் இதற்காகவே உருவானவை.

ஜிப் வைத்த ஹூடி இன்னும் பொறுமை கேட்கும். ஜிப்பின் பற்கள் துணியைத் தூக்கிவிடும்; அதன் ஓரங்களில் மை இறங்காது, ஸ்கிரீன் வலையும் கிழியலாம்.

திருப்பூர் போன்ற பின்னலாடை ஊர்களில் பெரிய ஆர்டர் என்றால், வெட்டிய துணியிலேயே அச்சடித்து, பிறகு ஜிப் தைப்பார்கள். தைத்த ஹூடியை வாங்கி அச்சடிக்கும் சிறிய கடைகளோ, ஜிப் அமரும்படி நடுவில் பள்ளம் வெட்டிய பலகையைப் பயன்படுத்துகின்றன.