பலர் கைப்பொருளும் ஒருவர் கல்வியும்

அறம் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம் நாட்டார் நெஞ்சில் சத்திரமும் குளமும் அன்னசாலையும் தோன்றும். சிறுபொருளைப் பலர் கூடித் திரட்டிப் பெருஞ்செயல் முடிக்கும் முறையும் நமக்குப் புதியதன்று. வணிகர் தம் விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமையென ஒதுக்கினர். மகளிர் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியைத் தனிக்கலத்தில் இட்டுவைத்தனர். சிதம்பரத்தில் ஆறுமுக நாவலர் 1864-ஆம் ஆண்டில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் அன்பர் பலர் அளித்த பொருளைத் துணைக்கொண்டதே. கல்விக்குப் பொருந்திய இவ்வறம், தொற்றுநோய்களை ஆராயும் ஏழைநாட்டு அறிஞர்க்கும் பொருந்துமோ என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கடலூர் முதலிய கடலோர ஊர்களில் வாழ்வார்க்கு யானைக்கால் நோயை விளக்க வேண்டுவதில்லை. இந்நோய்க்கு ஏதுவான புழுக்கள் உடலின் நிணநீர்க் குழாய்களில் வாழ்கின்றன. அவை ஈனும் நுண்புழுக்கள் பெரும்பாலும் இரவில் குருதியில் உலவுகின்றன; குருதி ஆய்வாளர் இரவில் வீடுதோறும் வருவது இதனாலேயே. கழிவுநீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அந்நுண்புழுக்களை ஒருவரிடமிருந்து உறிஞ்சி மற்றொருவரிடம் சேர்க்கின்றது. ஆகவே குருதியிலுள்ள நுண்புழுக்களை ஒழித்துவிட்டால், கொசு கடித்தாலும் கொண்டுசெல்ல ஒன்றுமிராது. அவ்வாறு ஒழிக்கும் மருந்தே டைஎதில்கார்பமசைன். அது தோன்றிய வரலாறு நம் வினாவுக்கு நேர் விடையாக அமைகின்றது.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தைச் சார்ந்த பீமவரத்தில் பிறந்தவர். எளிய குடியினர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அவருடைய உடன்பிறந்தார் இருவர், ஸ்புரூ என்னும் வெப்பநாட்டுக் கழிச்சல் நோயால் சின்னாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தனர். அத்துயரம் அவரை நோய்களின் காரணம் தேடும் வழியில் செலுத்தியது. ஆனால் அமெரிக்கா சென்று பயிலப் பொருள் ஏது? காக்கிநாடாவில் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் பெயரால் விளங்கிய அறநிலையம் உதவ முன்வந்தது. மாமனாரும் தம்மாலியன்ற பொருளைத் திரட்டித் தந்தார். 1923-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சுப்பாராவ் பாஸ்டன் நகரை அடைந்தார்.

பொருள் அவரைக் கரைசேர்த்தது. ஆயினும் அதுமட்டும் அவரை அறிஞராக்கவில்லை. கைப்பொருள் போதாமையால் மருத்துவமனையில் இரவுநேர ஊழியம் செய்து பிழைத்தார். அக்காலத்து ஹார்வர்டு வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியை நடத்திய ரிச்சர்டு ஸ்ட்ராங் அவர்க்கு ஆதரவளித்தார். பின்னர் சைரஸ் ஃபிஸ்க் என்னும் ஆசிரியரின் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. அவ்விருவரும் கூடி 1925-இல் வெளியிட்ட முறை, குருதியிலும் சிறுநீரிலுமுள்ள பாஸ்பரஸின் அளவை எளிதிற் காண வழிசெய்தது. முன்பின் அறியாத வேற்றுநாட்டு இளைஞரைத் தம் மேசையருகே நிறுத்தி, இன்னது செய்க, இங்ஙனம் எழுதுக என்று காட்டிய ஆசிரியர் இலராயின், அறநிலையத்தார் தந்த பொருள் கப்பற் செலவோடு முடிந்திருக்கும்.

1940-இல் லெடர்லி ஆய்வுநிலையத்தைச் சேர்ந்து அதன் ஆராய்ச்சித் தலைவரான சுப்பாராவ், பின்பு தாமே பலர்க்கு வழிகாட்டியானார். அவர் தலைமையில் இயங்கிய குழுவினர் 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். அவருடைய உடன்பிறந்தாரைக் கவர்ந்த ஸ்புரூ நோய்க்கு அது மருந்தாயிற்று. 1947-இல் டைஎதில்கார்பமசைன் வெளிப்பட்டது. மறு ஆண்டே, 1948 ஆகஸ்டில், அவர் இயற்கை எய்தினார். 2004 முதல் இந்திய அரசு, யானைக்கால் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொருமுறை மக்கள் அனைவர்க்கும் வழங்கத் தொடங்கிய மாத்திரை இதுவே. ஓர் அறநிலையத்தார் ஓர் இளைஞர்க்குச் செய்த உதவி, எண்பது ஆண்டு கழிந்து நம் தெருவிற்கு மருந்தாய்த் திரும்பிற்று.

கல்கத்தாவின் சம்புநாத் தே வரலாறு மறுபுறத்தைக் காட்டுகின்றது. இலண்டனில் ராய் கேமரனிடம் பயின்ற அவர், தாய்நாடு திரும்பிச் சுருங்கிய வசதிகளோடு உழைத்தார். வாந்திபேதிக் கிருமிகளை வடிகட்டி நீக்கிய நீரே முயலின் குடலில் நீர் பெருகச் செய்வதை 1959-இல் மெய்ப்பித்தார். கிருமி சுரக்கும் நஞ்சே அந்நோயின் வேர் என்பது அதனால் விளங்கிற்று. எனினும் அவர்க்குரிய பெருமை உள்நாட்டில் கிட்டவில்லை. நல்லாசிரியர் வாய்த்தும், தொடர்ந்து தாங்குவார் இல்லாமையின் கேடு இதுவாம்.

இக்காலத்தில் இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சிகள் நிகழ்கின்றன. உலக நலவாழ்வு நிறுவனம் முதலியன 1975-இல் தொடங்கிய வெப்பநாட்டு நோய் ஆராய்ச்சித் திட்டம், ஏழைநாட்டு அறிஞர்க்குப் பொருளும் பயிற்சியும் ஒருங்கே அளிக்கின்றது. இணையத்தின் வாயிலாகப் பொதுமக்களிடம் சிறுதொகைகளைத் திரட்டும் முறையும் பரவியுள்ளது. மகமையும் பிடியரிசியும் புத்துருக் கொண்டன எனலாம். ஆயினும் ஓர் இடர் உண்டு. உள்ளத்தை உருக்கும் வேண்டுகோளுக்கே பொருள் விரைந்து சேரும். கண்ணாடித் தகடும் குளிர்ப்பெட்டியும் வேண்டுமென்று கேட்பவர்க்கு எளிதிற் சேராது. கொடுப்பவர் ஆராய்ச்சியின் தகுதியை அறியார். கேட்பவர் அதனை விளக்கப் பழகியிரார். இவ்விருவர்க்கும் நடுவே நின்று, வினா நேரியதா, செலவுக்கணக்கு மெய்யானதா என்று சோதித்துப் பொறுப்பேற்கும் மூத்த ஆராய்ச்சியாளரே பாலமாவர். அவர் சொல்லே கொடுப்பவர்க்கு உறுதி. அவர் திருத்தமே கேட்பவர்க்குக் கல்வி.

அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகம் 1929-இலும் மருத்துவக் கல்லூரி 1985-இலும் தோன்றின. கொசுவழிப் பரவும் நோய்களை ஆராயும் நடுவம் 1975 முதல் அண்மையிலுள்ள புதுச்சேரியில் இயங்கி வருகின்றது. ஆசிரியரும் உளர், நோயும் உளது, கொடுக்கும் மனமும் இந்நாட்டில் வற்றவில்லை. இம்மூன்றும் ஒன்றையொன்று காணாதிருத்தலே குறை. கற்றுத் தேர்ந்த மாணவர் தம்மின் இளையவர் ஒருவரின் ஆய்வுக்குறிப்பைப் படித்துத் திருத்தித் தருவாராக. பொருளுடையார் ஆண்டுதோறும் ஒரு சிறுதொகையை அவ்விளையவர்க்கென ஒதுக்குவாராக. குளம் வெட்டியவர் பெயரை ஊர் மறப்பதில்லை. நோய் நீக்கும் அறிவுக்கு வாய்க்கால் வெட்டுவோர் பெயர் மறக்கப்படினும், அவ்வாய்க்காலில் நீர் ஓடும்.