உதடும் குரலும்: தன் குரலுக்கே வாயசைக்க வராத ராணி

'தி ப்ளூஸ் பிரதர்ஸ்' 1980-ல் வந்த அமெரிக்க இசை நகைச்சுவைப் படம். இயக்கம் ஜான் லேண்டிஸ். சிறையிலிருந்து வெளியே வரும் ஜேக்கும் (ஜான் பெலுஷி) அவன் தம்பி எல்வுட்டும் (டான் அக்ராய்ட்) தாங்கள் வளர்ந்த அனாதை இல்லத்தின் வரிபாக்கி 5,000 டாலரைக் கட்டுவதற்காகக் கலைந்துபோன இசைக்குழுவைத் திரட்டுகிறார்கள். கதை இவ்வளவுதான். மீதியெல்லாம் பாட்டும், சிகாகோ தெருக்களில் 100-க்கும் மேற்பட்ட கார்கள் நொறுங்கும் துரத்தலும். ரே சார்லஸ், ஜேம்ஸ் பிரவுன், கேப் கேலோவே, ஜான் லீ ஹூக்கர், அரீதா ஃபிராங்க்ளின் என்று மேடைக்கு ஒருவராய்க் கூட்டம் சேர்க்கக்கூடியவர்கள் அத்தனை பேரும் ஒரே படத்தில்.

தமிழில் 'ஸ்ரீவள்ளி' (1945) படத்தில் நடிகை குமாரி ருக்மணியின் உதட்டசைவுக்குப் பாடகி பி. ஏ. பெரியநாயகியின் குரலைப் பின்னால் பொருத்தினார்கள். அங்கே உதடு முந்தி, குரல் பிந்தி. இங்கே தலைகீழ். அதிலும் உதடும் குரலும் ஒருவருடையவையே.

அரீதாவுக்கு உணவகக்காரி வேடம். கறை படிந்த ஏப்ரன், காலில் வீட்டுச் செருப்பு. குழுவில் சேரக் கிளம்பும் கணவனை மிரட்டி அவர் பாடுவது 'திங்க்', 1968-ல் அவரே பாடிப் புகழடைந்த பாட்டு. படத்துக்காகப் புதிதாகப் பதிவு செய்தார்கள். படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு வாயசைக்க வேண்டும். நம் ஊர்த் தளங்களில் அந்நாளில் நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியில் பாட்டு ஓட, பாடத் தெரியாத நாயகிகூட இரண்டாவது டேக்கில் முடித்துவிட்ட வேலை. சோல் இசையின் ராணிக்கு அது கைகூடவில்லை. ஒரு பாட்டை இரண்டு முறை ஒரே மாதிரி பாடி அவருக்குப் பழக்கமில்லை. டெட்ராய்டில் தந்தை போதகராயிருந்த தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். அந்த மரபில் அடி எங்கே நீளும், எங்கே முறியும் என்பது அந்த நேரத்துக் கேட்பவர்களைப் பொறுத்தது. பதிவான குரல் ஓரிடத்தில் நிற்க, உதடு அடுத்த சங்கதிக்குப் போயிருக்கும். ப, ம போல உதடு ஒட்டும் எழுத்துகளில் இது உடனே காட்டிக்கொடுத்துவிடும், உயிரெழுத்தில் சமாளிக்கலாம்.

தீர்வு, பல டேக்குகள் எடுத்துப் பொருந்திய துண்டுகளை மட்டும் கோத்தது. காட்சியில் வெட்டுகள் மலிந்திருப்பது அதனால்தான். கேமரா அடிக்கடி தாவுவது பின்பாட்டுப் பாடும் மூன்று வாடிக்கையாளர்களிடம். அதில் ஒருவர் அரீதாவின் தங்கை கேரலின். சாக்ஸபோன் கலைஞர் லூ மரீனி கவுண்டர்மேல் ஏறி ஆட, சட்டகம் அவர் தலையைத் துண்டித்துவிடுகிறது. படத்தின் மிக நல்ல நகைச்சுவைகளில் ஒன்று அது. திட்டமா, விபத்தா என்று ஆராயாமல் சிரிப்பதே உத்தமம்.

கேப் கேலோவே வேறு வகைத் தொல்லை. 1931-ல் தான் பதிவு செய்த 'மின்னி தி மூச்சர்' பாட்டை டிஸ்கோவாக்கிப் பாட ஆசைப்பட்டார். லேண்டிஸ் பிடிவாதமாகப் பழைய மெட்டமைப்பையே வாங்கினார். 70 வயதைத் தாண்டிய கேலோவே வெள்ளை டெயில்கோட்டில் வந்து நின்றதும் யார் சொன்னது சரி என்பது விளங்கிவிடுகிறது.

இதே படத்தில் மேக்ஸ்வெல் தெருவில் வாயசைக்காமல் நேரடியாகவே பாடியவர் ஜான் லீ ஹூக்கர்.