கடன் கொடுத்த கம்பெனி வங்கி ஆகும்போது

2022 செப்டம்பர் 10 அன்று கொல்கத்தாவின் கார்டன் ரீச் பகுதியில் ஒரு வீட்டை அமலாக்கத் துறை சோதனையிட்டது. கிடைத்த நோட்டுக் கட்டுகளை எண்ண இயந்திரங்கள் வரவழைக்கப்பட்டன. எண்ணி முடித்தபோது தொகை 17 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. ‘இ-நக்கெட்ஸ்’ என்ற செல்போன் விளையாட்டுச் செயலி தொடர்பான வழக்கு அது. ஆரம்பத்தில் செயலியில் பணம் போட்டவர்களுக்குக் கமிஷன் வந்தது, போட்டதைத் திரும்ப எடுக்கவும் முடிந்தது. நம்பிக்கை வந்து பெரிய தொகையாகப் போடத் தொடங்கியதும், சிஸ்டம் அப்கிரேட் என்று காரணம் சொல்லி எடுக்கும் வழியை அடைத்தார்கள், கணக்கு விவரங்களையும் அழித்துவிட்டார்கள் என்பது அமலாக்கத் துறையின் குற்றச்சாட்டு.

கார்டன் ரீச் பணப்புழக்கம் தெரியாத ஊர் அல்ல. தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும், ஜி.ஆர்.எஸ்.இ. கப்பல் கட்டும் தளமும் அங்கேதான் இருக்கின்றன. ஒட்டினாற்போல மட்டியாபுருஸ்: ‘ஓஸ்தாகர்’ எனப்படும் தையல் முதலாளிகள், அவர்களிடம் துணி வாங்கித் தைத்துக் கொடுக்கும் குடும்பங்கள், வார இறுதியில் கூடும் ஆயத்த ஆடைச் சந்தை. மாதச் சம்பளக்காரருக்கு கிரெடிட் கார்டு வேண்டுமா என்று போன் வரும். தையல் வேலை செய்யும் பெண்ணைக் குழுக் கடன்காரர் தேடி வருவார். கதவைத் தட்டுகிற எல்லோரும் தங்களை ‘பேங்க்’ என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களில் யாருக்குக் கடன் கொடுக்க மட்டும் அனுமதி, யாருக்கு மக்களின் சேமிப்பை வாங்கவும் அனுமதி என்பதைப் பிரித்தறிவதில்தான் வாடிக்கையாளரின் பாதுகாப்பு தொடங்குகிறது.

இந்த வேறுபாட்டுக்கு கொல்கத்தாவே பெரிய சாட்சி. 2013 ஏப்ரலில் சாரதா குழுமம் சரிந்தது. மக்களிடம் டெபாசிட் வாங்கும் வங்கி உரிமம் எதுவும் இல்லாமலே, ஏஜென்ட்டுகள் மூலம் லட்சக்கணக்கான ஏழைகளிடம் பணம் திரட்டிய நிறுவனம் அது. 2014 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. அதற்கு ஐந்து வாரம் முன்பு, ஏப்ரல் 2 அன்று, அதே நகரத்தின் இன்னொரு நிறுவனத்துக்கு வங்கி தொடங்க ரிசர்வ் வங்கி கொள்கை அளவில் ஒப்புதல் தந்திருந்தது. அதுதான் பந்தன்.

சந்திரசேகர் கோஷ் 2001இல் தொடங்கிய பந்தன், கிராமத்துப் பெண்களுக்குச் சிறு கடன் கொடுத்து வளர்ந்தது. அந்தக் காலத்தில் அது கடன் கொடுக்கலாம், வசூலிக்கலாம். யாரிடமும் டெபாசிட் வாங்க முடியாது. 2015 ஆகஸ்ட் 23 அன்று 501 கிளைகளுடன் வங்கியாக மாறியபோதுதான் அந்தப் பெண்களின் சேமிப்பையும் அது பெற முடிந்தது. 2019இல் குஜராத்தைச் சேர்ந்த குருஹ் ஃபைனான்ஸ் என்ற வீட்டுக் கடன் நிறுவனம் அதனுடன் இணைந்தது. இடையில் ஒரு தடங்கலும் வந்தது. நிறுவனர் தரப்பின் பங்கை மூன்றாண்டுக்குள் 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறாததால், முன் அனுமதி இல்லாமல் புதுக் கிளை திறக்கக் கூடாது என்று 2018இல் ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்தது. உரிமம் என்பது ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிடும் காகிதம் அல்ல என்பதற்கு இது நல்ல உதாரணம். சென்னையின் ஈக்விடாஸும் சிறுகடன் நிறுவனமாகத் தொடங்கி, 2016இல் சிறு நிதி வங்கி ஆனதுதான்.

வங்கியாக மாறுவதால் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் முதல் லாபம் டெபாசிட் காப்பீடு. 2020 பிப்ரவரி 4 முதல், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை இந்தக் காப்பீடு உண்டு. ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் ஒருவர் தன் பெயரில் பணம் போட்டாலும் எல்லாம் சேர்த்து 5 லட்சம்தான். ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் ஒரே வங்கியில் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டெபாசிட் வாங்கும் நிதி நிறுவனங்களுக்கோ, செல்போன் செயலி வாலட்டுகளுக்கோ இந்தக் காப்பீடு இல்லை.

லாபத்தோடு ஓர் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது, பலரும் கவனிக்காத ஆபத்து. முன்பு கடன் ஓரிடத்தில், சேமிப்பு வேறிடத்தில் இருந்தது. இப்போது இரண்டும் ஒரே கூரையின் கீழ். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு, நிலுவைக்கு ஈடாக வாடிக்கையாளரின் சொத்தைப் பிடித்துவைக்கும் உரிமையை வங்கிகளுக்குத் தருகிறது. கார்டு விண்ணப்பத்தின் பொடி எழுத்து நிபந்தனைகளிலும், நிலுவையைச் சேமிப்புக் கணக்கில் நேர்செய்துகொள்ளும் உரிமை பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். ‘லியன்’ போடப்பட்டது என்று ஒரு குறுஞ்செய்தி வரும். கணக்கில் பணம் தெரியும், எடுக்க முடியாது. கார்டும் சம்பளக் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால், வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் வைத்த பணமே முதலில் சிக்கும். முடிந்தவரை இரண்டையும் வேறு வேறு வங்கிகளில் வைப்பது நல்லது.

கிரெடிட் கார்டை மட்டுமே நம்பிப் பிறந்து, பல்துறை வங்கியாக வளர்ந்த நிறுவனத்துக்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவின் கேபிடல் ஒன். சிக்னெட் என்ற வங்கியின் கார்டுப் பிரிவாக இருந்து 1990களின் நடுவில் தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2005இல் ஹைபர்னியா, 2006இல் நார்த் ஃபோர்க், 2012இல் ஐஎன்ஜி டைரக்ட் என்று வங்கிகளை வாங்கிச் சேர்த்து, 2025 மே மாதம் டிஸ்கவர் நிறுவனத்தையும் தன்னுடன் இணைத்துக்கொண்டது. வளர்ச்சி அபாரம். ஆனால் 2012இல் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு எடுத்த முதல் பகிரங்க நடவடிக்கையே இந்த நிறுவனத்தின் மீதுதான். புதுக் கார்டைச் செயல்படுத்த போன் செய்தவர்களிடம், கால் சென்டர் ஊழியர்கள் கூடுதல் சேவைகளைத் தவறான தகவல் சொல்லி விற்றிருந்தார்கள். சுமார் 20 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு ஏறத்தாழ 14 கோடி டாலர் திருப்பித் தர வேண்டியதாயிற்று. 2019இல் அதன் கணினியிலிருந்து அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. ஓரிடத்தில் எவ்வளவு சேர்கிறதோ, கசியும்போது இழப்பும் அவ்வளவு பெரிது.

அந்தக் கால் சென்டர் விற்பனை இந்தியாவில் அன்றாடம் நடப்பதுதான். இதற்காகவே 2022 ஏப்ரல் 21 அன்று ரிசர்வ் வங்கி கார்டுகளுக்கான விரிவான விதிகளை வெளியிட்டது. கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. அனுப்பி, பில்லும் போட்டால், அந்தத் தொகையை ரத்து செய்வதோடு அதைப் போல இரு மடங்கு அபராதத்தையும் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். சம்மதம் இல்லாமல் லிமிட்டை உயர்த்தக் கூடாது. நிலுவை இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் தர வேண்டும். கார்டில் ஒரு கடை அல்லது செயலியின் பெயர் பெரிதாக இருந்தாலும், பொறுப்பு அதை வழங்கிய வங்கிக்கே.

வட்டிக்கு மட்டும் கடிவாளம் இல்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஒரு தோராயக் கணக்கு: நிலுவை 30,000 ரூபாய். ‘மினிமம் டியூ’ 5 சதவீதம் என்றால் 1,500 ரூபாய். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,050. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 189. ஆக 1,239 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விட, அசலில் குறைவது 261 ரூபாய்தான். போதாததற்கு, பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலமும் கிடையாது. கட்ட முடியாத நிலை வந்தால், மினிமம் கட்டிக்கொண்டே போவதைவிட, குறைந்த வட்டியில் தனிநபர் கடன் வாங்கிக் கார்டை ஒரேயடியாக அடைப்பது மேல்.

குழுக் கடன் வாங்கும் பெண்களுக்கும் உரிமைகள் உண்டு. கடன் விவரங்கள் அவர்களுக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகத் தொல்லை செய்யக் கூடாது.

கணக்கிலிருந்து பணம் திருடுபோனால் நேரம்தான் எல்லாமே. வங்கியின் தவறும் இல்லை, வாடிக்கையாளரின் தவறும் இல்லை என்ற நிலையில், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொன்னால் இழப்பு வாடிக்கையாளருடையது அல்ல என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. ஓடிபியைத் தானே சொல்லிவிட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றாலும், அவர் புகார் செய்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. ஆகவே வெட்கப்பட்டுத் தள்ளிப்போடக் கூடாது. சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் உடனே அழைக்க வேண்டும்.

வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி தரவில்லை என்றால் அடுத்த வாசல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். இதற்குக் கால வரம்பு உண்டு, தாமதிக்காமல் போக வேண்டும். விவரம் கேட்க 14448. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. இணையம் பழகாதவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் மையத்துக்குத் தபாலில் எழுதலாம். அந்தக் கடிதம் எந்த மொழியிலும் இருக்கலாம். கார்டன் ரீச்சில் வசிக்கும் தமிழர் தமிழிலேயே எழுதி அனுப்பலாம்.