கறுப்பு வெள்ளை – 7: சிவப்புக் கண்ணாடி

1927 ஏப்ரல் 10. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில், பனி கிடந்த சரிவில் ஏறி, டைவிங் போர்டு என்ற பாறை விளிம்புக்கு வந்து சேர்ந்தார் ஆன்சல் ஆடம்ஸ். வயது 25. எதிரே செங்குத்தாக ஹாஃப் டோம் பெரும்பாறை. சுமந்து வந்த 12 கண்ணாடித் தகடுகளில் மிச்சம் இரண்டுதான்.

ஒன்றை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்ததுமே மனம் உறுத்தியது. அந்தப் பாறையின் முன் நின்றபோது நெஞ்சில் எழுந்த பிரமிப்பு இதில் வராது, வானம் வெளிறிவிடும் என்று தெரிந்துவிட்டது. கடைசித் தகட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுத்துவிடும். நீல வானம் ஏறக்குறையக் கறுப்பாகவே பதிந்தது. ‘மோனோலித்’ என்று இன்றும் கொண்டாடப்படும் படம் அதுதான்.

வானம் எவ்வளவு கறுப்பாக வேண்டும் என்பதை ஒளி தகட்டில் விழும் முன்பே அவர் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த அவசரம் இல்லை. பச்சை மிளகாயும் பழுத்த மிளகாயும் ஒரே தட்டில் இருந்தால், கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடக்கூடும். கலரில் எடுத்திருந்தால், வீட்டுக்கு வந்து சிவப்பை வெளுப்பாக்கி, பச்சையை இருட்டாக்கி, இரண்டையும் பிரித்துக்கொள்ளலாம்.

கேமராவிலேயே ‘மோனோக்ரோம்’ வைத்துவிட்டால்? அப்போதும் சென்சார் பார்ப்பது கலரைத்தான். கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது: சென்சாரின் புள்ளிகளில் பாதிக்குப் பச்சை ஃபில்டர், காலுக்குச் சிவப்பு, காலுக்கு நீலம். அதை கேமராவே உள்ளுக்குள் சாம்பலாக்கித் தருகிறது. ஜேபெக்காகச் சேமித்தால் நிறம் போனது போனதுதான். ரா கோப்பில் நிறம் பத்திரமாக இருக்கும். திரையில் மட்டும் கறுப்பு வெள்ளை தெரியும். கண்ணைப் பழக்க நினைப்பவருக்கு ராவுடன் மோனோக்ரோமைச் சேர்த்து வைப்பதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் பிற்பாடு செய்வதற்கும் எல்லை உண்டு. ஆடம்ஸின் வானத்தைக் கணினியில் வரவழைக்க நீலத்தை மிதமிஞ்சி இறக்கினால், வானமெங்கும் நாய்ஸ் கிளம்பும்; மலை விளிம்பில் வெள்ளைக்கோடு ஓடும். சரி, லென்ஸ் முன்னால் சிவப்புக் கண்ணாடியையே மாட்டலாமே என்றால், சென்சாரின் முக்கால்வாசிப் புள்ளிகள் ஒளியின்றிப் பட்டினி கிடக்கும்.

2012இல் லைக்கா வெளியிட்ட எம் மோனோக்ரோம் கேமராவில் அந்த நிற ஃபில்டர் அடுக்கே கிடையாது. எல்லாப் புள்ளியும் ஒளியின் அளவை மட்டும் வாங்கும். சிவப்புக் கண்ணாடிக்கு அங்கே பழைய வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் தவறாகத் தேர்ந்தெடுத்தால் திருத்த நிறம் இருக்காது.

சினிமாவும் இந்த இரண்டு வழியிலும் போயிருக்கிறது. அல்ஃபோன்சோ குவாரோன் ‘ரோமா’வை (2018) டிஜிட்டலில், கலரில் எடுத்தார், அந்த நிறத் தகவலை வைத்துத்தான் சாம்பல் பகுதி பகுதியாகச் செதுக்கப்பட்டது. மறு வருடம் வந்த ‘தி லைட்ஹவுஸ்’ படத்துக்கு ஒளிப்பதிவாளர் ஜாரின் பிளாஷ்கி கோடாக் டபிள்-எக்ஸ் கறுப்பு வெள்ளை ஃபிலிமையே எடுத்துக்கொண்டார். சிவப்பு ஒளியைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றையும் அதற்கென்றே செய்வித்தார். சிவப்பை உணராத பழைய ஆர்த்தோகுரோமாடிக் ஃபிலிமின் பார்வை அவருக்கு வேண்டியிருந்தது. மனிதத் தோலில் சிவப்பு அதிகம். அது இருண்டதும், கலங்கரை விளக்கின் இரு காவலர்களின் முகத்திலும் ஒவ்வொரு தழும்பும் வெடிப்பும், உப்புக்காற்றில் பல வருடம் அடிபட்டதுபோல மேலெழுந்து வந்தன.

(தொடரும்)