'பளம்' என்பது நோயா?

ஜெகதாப்பட்டினத்தில் மீன் ஏலம் கேட்டிருக்கிறீர்களா, தோழர்களே? விசைப்படகு கரை சேர்ந்ததும் எழுகிறதே ஒரு குரல்! மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போகும் அந்த நாவுக்கு முன்னால், மேடையில் முழங்கும் நாமெல்லாம் எம்மாத்திரம்!

அந்தக் குரலுக்குரியவர் ஒருநாள் காலை எழுகிறார், வலக்கை அசையவில்லை. மனைவியைக் கூப்பிட வாய் திறக்கிறார், பெயர் வரவில்லை. எதிரே நிற்பவள் யாரென்று தெரிகிறது. வாங்கிய கடன் தெரிகிறது. சொல் மட்டும் வரவில்லை. "செய்வினை" என்கிறான் ஒருவன். "சித்தம் கலங்கிவிட்டது" என்கிறான் இன்னொருவன். நாம் சொல்லும் ஆள் கற்பனை, நோய் கற்பனையன்று. மூளையின் இடப்பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டால் இப்படி நேரும்.

இதை உலகுக்கு உணர்த்தியவன் ஒரு பாட்டாளி! காலணி செய்வதற்கான அச்சுகளை உருவாக்கிய பிரெஞ்சுத் தொழிலாளி லெபோர்ஞ். பாரிசை அடுத்த பீசேத்ர் மருத்துவமனையில் 21 ஆண்டுகள் கிடந்தார். எதைக் கேட்டாலும் "டான்" என்பதே விடை. 1861ல் அவர் இறந்ததும், பிரோக்கா என்னும் மருத்துவர் மூளையை ஆராய்ந்தார். இடப்பக்கத்து முன்பகுதி சிதைந்திருந்தது. பேச்சு போனதற்குப் பேயுமில்லை, பூர்வ ஜென்மப் பாவமுமில்லை! அந்த இடத்துக்குப் 'பிரோக்கா பகுதி' என்று பெயர். மூளை தொழிலாளியுடையது, பெயர் மருத்துவருடையது. அது போகட்டும்.

இன்று இத்துறையில் டாக்டர் பட்ட ஆராய்ச்சி நடக்கிறது. ஊசி போடும் டாக்டரல்ல. சுவரொட்டியில் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் டாக்டருமல்ல. மைசூரில் 1965ல் மத்திய அரசு தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தில், ஆண்டுக்கணக்கில் உழைத்து, மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெறுகிறார்கள். சென்னைப் போரூரிலும் இக்கல்வி உண்டு.

மீனவனுக்கு அதனால் என்ன என்று கேட்பீர்கள். கேளுங்கள்!

பேச்சிழந்தவரிடம் ஒரு படத்தைக் காட்டுகிறார் சோதிப்பவர். "பளம்" என்கிறார் இவர். 'ழகரம் வரவில்லை, குறை' என்று குறித்துக்கொள்கிறார் அவர். என்ன அநியாயம்! தென்மாவட்டங்களில் நோயே அறியாத நாக்குகளும் 'பளம்' என்றுதானே சொல்கின்றன? "வர்றாங்க" என்று எதிர்பார்த்த இடத்தில் "வாராக" என்றால் அதுவும் நோயா? ஆங்கிலத்தின் எந்த வட்டார வழக்கும் நோயாகாது என்று அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலச் சங்கம் 1983ல் கூறிவிட்டது. நம் வழக்குக்கும் அந்த நீதி வேண்டாமா?

மறுபுறமும் ஆபத்து உண்டு. வந்தான், வந்தாள், வந்தது என்று யார், எது என்பதைத் தமிழ் வினையின் கடைசியில் வைக்கிறோம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல்தான். நோயால் அந்த வால் அறுந்து, மனைவியைப் பற்றி "வந்தான்" என்று ஒருவர் சொன்னால், ஆங்கிலத்துக்கென்று செய்த சோதனையை அப்படியே பெயர்த்து வைத்தவருக்கு அது அகப்படாது. நலமுள்ளவன் நோயாளியாவான், நோயாளி நலமுள்ளவனாவான்!

ஆகவே முதலில் நோயில்லாதவர் பேச்சைத் திரட்ட வேண்டும். கிழவர், இளைஞர், எழுத்தறியாதவர், பத்தாவது படித்தவர் என்று ஊர் ஊராக, வகை வகையாகப் பதிவு செய்ய வேண்டும். அந்த அளவுகோல் இருந்தால்தான் எது வழக்கு, எது வழு என்று சொல்ல முடியும். அலுப்பான வேலை, கைதட்டல் கிடைக்காத வேலை. தமிழ் வாழ்க என்று முழங்கிய நாமும் இதைக் கேட்டுப் போராடியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

மைசூர் நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கைகால் விழுந்தவரை அங்கே தூக்கிக்கொண்டு போவதெப்படி? ஆராய்ச்சியாளர் இங்கே வரலாமே! ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுக்குத் தடை. ஆட்கள் கரையில் வலை சீர்செய்துகொண்டிருப்பார்கள். ஒலிப்பதிவுக் கருவி ஒன்று போதும்; பேச்சுக்குப் பஞ்சமில்லை.