செவ்வாய்க்கு ஒரு டிக்கெட்... வேணுமா ஸார்?

செவ்வாய் கிரகத்தில் குடியேறத் துடிக்கும் இளைஞர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை: அங்கே டீக்கடை கிடையாது! இதைக் கேட்டும் மனசு மாறாதவர்கள் மேலே படிக்கலாம்.

நமக்குச் செவ்வாய் புதுசில்லை. ஜாதகத்தில் எசகுபிசகாக உட்கார்ந்தால் கல்யாணத்தையே தள்ளிப்போடும். 2013 நவம்பர் 5-ம் தேதி கிளம்பிய நம் மங்கள்யான், 2014 செப்டம்பர் 24-ல் அங்கே போய்ச் சேர்ந்து அந்த தோஷத்தையும் கழித்துவிட்டது. திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர். இயந்திரம் போனது சரி, மனுஷன் போனால்?

பயணமே ஏழெட்டு மாசம். ராக்கெட் கிளம்ப வசதியான நேரம் 26 மாசத்துக்கு ஒரு தடவைதான் வரும். எங்கள் கணியூரில் உடுமலை பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததைப் பிடிக்கலாம். இதை விட்டால் ரெண்டு வருஷம் ஸ்டாண்டிலேயே நிற்கவேண்டியதுதான். வழியில் எடையில்லாமல் மிதப்பதில், மாசத்துக்குச் சுமார் ஒரு சதவிகிதம் எலும்பு கரையும்.

இறங்கினால் சராசரி குளிர் மைனஸ் 60 டிகிரி. காற்று நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் 95 சதவிகிதம் கரியமில வாயு. கதிர்வீச்சுக்குப் பயந்து எலி மாதிரி மண்ணுக்குள் வாழவேண்டும். அந்த மண்ணிலும் பெர்குளோரேட் என்ற உப்பு இருப்பதை 2008-ல் ஃபீனிக்ஸ் கலம் கண்டுபிடித்தது. தைராய்டுக்கு ஆகாத சமாச்சாரம்!

நாஸாவின் பெர்செவரன்ஸ் ஊர்தியில் இருந்த ‘மாக்ஸி’ கருவி, அங்கேயே ஆக்ஸிஜன் தயாரித்தது. சாதனைதான். ஆனால் 2021-லிருந்து 2023 வரை தயாரித்தது மொத்தம் 122 கிராம். ஒரு ஆளுக்கு மூன்றரை மணி நேரத்துக்குக் காணும்!

வீட்டுக்கு போன் போட்டால், நாம் பேசியது போய்ச் சேர 3 முதல் 22 நிமிஷம். பதில் வர அதே அளவு. ‘சாப்ட்டீங்களா?’ என்று அவள் கேட்டு, நம் பதில் வருவதற்குள் அவளுக்குக் கோபமே வந்துவிடும்.

பூமியிலேயே ஒத்திகை பார்த்தார்கள். அமெரிக்காவில் அரிஸோனா பாலைவனத்தில் ‘பயோஸ்பியர் 2’ என்ற கண்ணாடிக் கூண்டுக்குள் 1991-ல் எட்டுப் பேர் போனார்கள். ஆக்ஸிஜன் 21 சதவிகிதத்திலிருந்து 14 சொச்சத்துக்கு இறங்கிவிட, வெளியிலிருந்து அனுப்பித்தான் காப்பாற்றினார்கள்.

‘அதெல்லாம் சமாளிச்சுருவாங்க. தண்ணியக்கூட சுத்தம் பண்ணி மறுபடி குடிக்கறாங்களாமுங்க’ என்கிறார், திருப்பூர் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் நண்பர்.

வாஸ்தவம். விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை உட்பட 98 சதவிகிதத் தண்ணீரை மீட்கிறார்கள். ஆனால் அந்த வித்தையின் விலை நம் ஊர்க்காரருக்குத் தெரியாதா என்ன? நொய்யலில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு நின்றது. ‘தண்ணி திறந்துவிடாதீங்க’ என்று விவசாயியே கெஞ்சினான். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். கழிவைச் சுத்தம் செய்து திரும்ப உபயோகித்தால்தான் தொழில் என்றானது. கடன், கரண்ட் பில், மலையாகக் குவியும் உப்பு... கிணறும் மழையும் இருக்கிற ஊரிலேயே இந்தப் பாடு!

செவ்வாயில் நொய்யலும் இல்லை, அமராவதியும் இல்லை. கெடுத்துவிட்டால் கேஸ் போடக் கோர்ட்டும் இல்லை.

வீடு மாறுகிறவர்கள் பழைய வீட்டைப் பெருக்கிச் சுத்தம் செய்துவிட்டுப் போவது நம் வழக்கம். பூமியையும் அப்படி ஒரு தடவை பெருக்கிப் பாருங்கள். அப்புறம் காலி பண்ணவே மனசு வராது!